முதியவர்களின் வழியறிவை அளக்க: ஹெட்செட்டா, திரையா, தெருவா?

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பிசியோதெரபி, நர்சிங், உளவியல் என்று துறைகள் வைத்திருக்கும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அப்படி ஒரு துறை, வயது ஏற ஏற வழி கண்டுபிடிக்கும் திறமை எப்படி மாறுகிறது என்று ஆராயக் கிளம்பினால், நிதி கேட்கும் விண்ணப்பத்தில் முதலில் ஏறுவது பெரும்பாலும் வி.ஆர். ஹெட்செட்தான், அதாவது கண்ணை மூடி மாட்டினால் கணினி உருவாக்கிய மெய்நிகர் உலகைக் காட்டும் கருவி. வாங்குவது தப்பில்லை, நானும் வாங்கச் சொல்கிற கட்சிதான். ஆனால் அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதில்தான் முழு ஆய்வும் நிற்கிறது. கண்ணில் மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தால் ஒன்று அளக்கப்படும். மாட்டிக்கொண்டு எழுந்து நடக்கவிட்டால் வேறொன்று அளக்கப்படும். முதல் வகையில், ஒரு பெரியவருக்குக் கருவி பிடிபடாததை எல்லாம் வழி மறந்துபோனதாக எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. அந்த அநியாயம் நடக்காமல் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

எதற்காக இவ்வளவு கவலை என்றால், வழி தவறுவது சின்ன விஷயமில்லை. ஜான் ஓகீஃப் 1971-ல் எலி மூளையில் நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களைக் கண்டுபிடித்தார். மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரின் குழு 2005-ல் பக்கத்திலுள்ள என்டோரைனல் கார்டெக்ஸில், தரையையே அறுகோணக் கட்டங்களாகப் பிரித்துத் துடிக்கும் செல்களைக் கண்டது. மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அல்சைமர் நோயில் நரம்புச் செல்களுக்குள் சேரும் புரத முடிச்சு எந்த வரிசையில் மூளையில் பரவுகிறது என்று ஹைகோ பிராக், இவா பிராக் 1991-ல் வகுத்தபோது, அது முதலில் தொடுவது இதே என்டோரைனல் பகுதியைத்தான் என்று தெரிந்தது. ஆக, பெயர் மறப்பதற்கு முன்பே வழி குழம்பலாம். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளிவந்த மதிப்பீடு சொல்கிறது. பேங்குக்குப் போன அப்பாரு வேறு தெருவில் நின்றால், 'வயசாயிருச்சுல்ல' என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். எது இயல்பான முதுமை, எது அதைத் தாண்டியது என்று பிரித்துச் சொல்ல நல்ல அளவுகோல் வேண்டும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வழியறிவு ஒற்றைத் திறமை இல்லை. 'இந்த டீக்கடையில் திரும்பு, அந்தக் கோயிலில் திரும்பு' என்று பழகிய வரிசையில் போவது ஒன்று. ஊரின் அமைப்பையே மனசில் வைத்துக்கொண்டு புதுக் குறுக்குவழி கண்டுபிடிப்பது இன்னொன்று. மூன்றாவது, எவ்வளவு தூரம் நடந்தோம், எவ்வளவு திரும்பினோம் என்பதைக் காலும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் சொல்லச் சொல்ல, மூளை கூட்டிக்கொண்டே வருவது. இதை நடைக்கணக்கு என்று வைத்துக்கொள்வோம். இருட்டில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கட்டிலுக்குத் திரும்புவது இந்தக் கணக்கில்தான். வயதானால் முதலாவது பெரும்பாலும் தங்கும், மற்ற இரண்டும் தேயும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு.

பழகிய இடத்தைச் சோதனைக்கு எடுப்பதை நான் தொடக்கத்திலேயே தள்ளிவிடுவது இதனால்தான். இ.பி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி எட்மண்ட் டெங், லாரி ஸ்கொயர் 1999-ல் எழுதினார்கள். ஹிப்போகேம்பஸ் இருபுறமும் மோசமாகச் சேதமான நிலையிலும், இளமையில் வாழ்ந்த ஊரின் தெருக்களை அவரால் சரியாகச் சொல்ல முடிந்தது. பிற்பாடு குடிபோன இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை. நம் ஊரிலும் இதைப் பார்க்கலாம். சின்ன வயதிலிருந்து பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போனவர் அந்தப் பாதையில் தடுமாற மாட்டார். 2024 ஆகஸ்டில் திறந்த உக்கடம் மேம்பாலத்தில் எந்த இறக்கத்தில் இறங்குவது என்று கேட்டால் யோசிப்பார். டவுன்ஹால், ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி என்று தெரிந்த இடத்தில் சோதித்தால் நாம் அளப்பது ஐம்பது வருஷப் பழக்கத்தை. எல்லாருக்கும் புதிதான இடம் வேண்டும். வி.ஆர். மீது ஆசை வருவதற்கு நியாயமான முதல் காரணமும் அதுதான்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

மேசைக் கணினித் திரையில் ஒரு கட்டடத்தைக் காட்டி, கீபோர்டாலோ ஜாய்ஸ்டிக்காலோ சுற்றவிடுவது பழைய முறை. ஸ்காட் மொஃபட் குழு 2001-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் முன்னோடி. முதியவர்கள் அதிக நேரம் எடுத்தார்கள், அதிக தூரம் அலைந்தார்கள், அதிகம் தவறினார்கள். ரிச்சர்ட் மாரிஸ் 1981-ல் எலிகளுக்கு அமைத்த, தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடையை நீந்தித் தேடும் தொட்டிச் சோதனையையும் பிற்பாடு திரைக்குள் கொண்டுவந்து மனிதர்களுக்கு வைத்தார்கள். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தபடியே செய்யலாம் என்பது இதன் பெரிய பலம். மத்தியாஸ் ஸ்டாங்கல் குழு 2018-ல், முதியவர்களின் மூளையில் அந்தக் கட்டச் செல்களின் துடிப்புத் தடயம் தளர்ந்திருப்பதையும், அது நடைக்கணக்கில் வரும் தவறோடு சேர்ந்து போவதையும் காட்டியது இப்படிப் படுக்கவைத்து எடுத்த படங்களால்தான். உங்களிடம் எம்.ஆர்.ஐ. நேரம் வாங்கக் காசும் ஆளும் இருந்தால் திரையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் வேண்டாம். உடம்பு அசையாமல் கண் மட்டும் நகரும்போது நடைக்கணக்கின் பாதி வரவே வருவதில்லை. அதோடு, நாளெல்லாம் போனில் கேம் ஆடும் இன்ஜினியரிங் கல்லூரிப் பையனையும், வாழ்நாள் முழுக்கத் தறி ஓட்டிய சோமனூர்ப் பெரியவரையும் ஒரே ஜாய்ஸ்டிக்கில் உட்காரவைத்து வரும் வித்தியாசத்துக்கு 'முதுமை' என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

டேப்லெட்டில் ஆடும் விளையாட்டு அடுத்தது. 2016-ல் டாய்ச்ச டெலிகாம் ஆதரவில் ஹ்யூகோ ஸ்பியர்ஸ், மைக்கேல் ஹார்ன்பெர்கர் முதலானோர் கொண்டுவந்த 'சீ ஹீரோ குவெஸ்ட்' இதில் பேர் பெற்றது. முதலில் வரைபடத்தைக் காட்டும். அதை மூடிவிட்டு, படகை வரிசையாகக் குறியிட்ட இடங்களுக்கு ஓட்டச் சொல்லும். உலகம் முழுக்க 40 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். இந்த அளவுக்கு ஆட்களை எந்த ஆய்வுக்கூடமும் சேர்த்ததில்லை. இளமை தொட்டே திறமை படிப்படியாகக் குறைகிறது என்றும், லண்டன், பாரிஸ் தெருக்களில் நிஜமாக வழி கண்டுபிடிப்பதோடு இந்த விளையாட்டின் மதிப்பெண் ஒத்துப்போகிறது என்றும் அந்தக் குழு காட்டியது. 2022-ல் வந்த கட்டுரை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 38 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 4 லட்சம் பேரை வைத்துப் பார்த்ததில், நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் பொதுவாக நன்றாக வழி கண்டுபிடித்தார்கள். சிகாகோ போல நேர்கோட்டுத் தெருக்கள் உள்ள ஊரில் வளர்ந்தவர்கள் பின்தங்கினார்கள். கொங்கில் இன்று எழுபதைத் தொட்டவர்களில் பலர் காட்டு வழியிலும், வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியிலும் நடந்து வளர்ந்தவர்கள். அவர்களோடு ஒப்பிடப்படும் இருபது வயதுக்காரர் ஆர்.எஸ்.புரத்தின் நேர்த்தெருக்களில் வளர்ந்தவராக இருக்கலாம். எங்கே பிறந்து வளர்ந்தீர்கள் என்ற கேள்வி இல்லாமல் கொங்கில் இந்த ஆய்வே கூடாது.

ஆனாலும் டேப்லெட் விளையாட்டை நம் பெரியவர்களுக்குப் பிரதான அளவுகோலாக வைக்க மாட்டேன். பறவைப் பார்வையில் வரைந்த படத்தைப் படிப்பது பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்கும் திறமை. நாலாம் வகுப்போடு நின்ற ஆத்தாவுக்கு அந்தப் படமே முதல் தடை. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குழு முதல் இரண்டு எளிய கட்டங்களில் ஒருவர் எப்படி ஆடினார் என்பதைக் கருவிப் பழக்கத்தின் அளவாக எடுத்து, பிற்பாடு வந்த மதிப்பெண்ணை அதை வைத்துச் சரிசெய்தது. நாம் எதை வைத்து அளந்தாலும் இந்த ஏற்பாடு வேண்டும்.

அடுத்தது ஹெட்செட்டை மாட்டி உட்காரவைத்து, கைப்பிடியால் நகரச் சொல்வது. இருப்பதிலேயே மோசமான தேர்வு இதுதான் என்பது என் கருத்து. கண் 'நகர்கிறோம்' என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. கிறுகிறுப்பும் குமட்டலும் வருவது இந்த முரண்பாட்டால்தான். ஒரு முதியோர் மையத்தில் இதை மாட்டிக்கொண்ட ஆத்தா ஒருவர், கொஞ்ச நேரத்தில் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏங் கண்ணு, காலு நிக்குது, ரோடு மட்டும் நடக்குதே?" என்று கேட்டார். சிக்கல் முழுவதையும் அவர் அந்த ஒரே வரியில் சொல்லிவிட்டார். குமட்டல் வந்து பாதியில் கழற்றியவர்களை விட்டுவிட்டு மீதிப்பேரின் எண்களை மட்டும் கூட்டினால், கருவி ஒத்துக்கொண்டவர்களின் சராசரிதான் கிடைக்கும். அது ஊர்ப் பெரியவர்களின் சராசரி ஆகாது.

இதே ஹெட்செட்டோடு எழுந்து நடக்கவிட்டால் நிலைமை மாறுகிறது. கேம்பிரிட்ஜில் டென்னிஸ் சான் வழிகாட்டிய குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வின் அமைப்பு ரொம்ப எளிமையானது. மெய்நிகர் வெளியில் ஒரு கூம்பு தெரியும், அங்கே நடந்து போக வேண்டும். அது மறைந்து இரண்டாவது தோன்றும், அப்புறம் மூன்றாவது. மூன்றாவதில் நின்றபின், முதல் கூம்பு இருந்த இடத்துக்குத் திரும்பி நடக்க வேண்டும். எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதே மதிப்பெண். சில முறை தரையின் விவரங்களை அழித்துவிடுவார்கள், சில முறை தூரத்து அடையாளங்களை எடுத்துவிடுவார்கள். கண் தரும் உதவி போனால் நடைக்கணக்கு எவ்வளவு தாங்குகிறது என்று அதில் தெரியும். லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்களில், அல்சைமர் அடையாளம் உடம்பில் இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் பிரிப்பதில், வழக்கமான எழுத்துச் சோதனைகளைவிட இது சிறப்பாக வேலை செய்தது. வரைபடம் படிக்க வேண்டாம், பொத்தானை அழுத்தி நகர வேண்டாம், கணினி தெரிய வேண்டாம். நடக்கத் தெரிந்தால் போதும்.

சொந்தக் காலால் நடப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னும் பழைய சான்றும் இருக்கிறது. கேரி ஆலன் குழு 2004-ல் முதியவர்களையும் இளைஞர்களையும் பார்வையை மறைத்து முக்கோணத்தின் இரண்டு பக்கம் கொண்டுபோய்விட்டு, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பச் சொன்னது. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனபோது முதியவர்கள் பின்தங்கினார்கள். நடக்கவைத்தபோது அந்த இடைவெளி குறைந்தது. கால் தரும் தகவலைப் பிடுங்கிக்கொண்டு அளந்தால் முதுமையை மிகைப்படுத்திக் காட்டுவோம் என்பதே இதன் பொருள்.

நடந்து செய்வதற்கு ஆகும் வேலையையும் சொல்லிவிடுகிறேன். தனிக் கணினி வேண்டாத ஹெட்செட்கள் இப்போது நடுத்தர மடிக்கணினி விலைக்குள் வந்துவிட்டன, செலவு பெரிய தடை இல்லை. தடுமாறவைப்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான். பின்னால் கொண்டை போட்டவருக்குப் பட்டை மேலேறி, படம் மங்கிவிடும். கொண்டையைத் தாழ்த்திக் கட்டச் சொல்லலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும், நம் குழுவிலுள்ள பெண் பிள்ளைகள் கேட்டால் அவர்கள் சங்கடப்பட மாட்டார்கள். கண்புரை இருக்கிறதா, மூக்குக்கண்ணாடியோடு மாட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஆள் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில், ஆனால் தொடாமல் நடக்க வேண்டும். தோளைத் தொட்டால் அந்தத் தொடுகையே திசை சொல்லிவிடும். சத்தமும் அப்படித்தான். பல்லடம், சோமனூர் பக்கம் அடுத்த ஷெட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தால், ஹெட்செட்டுக்குள் எதை அழித்தாலும் காது திக்கைக் காட்டிக் கொடுத்துவிடும். அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணை மூடி நின்று கேட்டுப் பாருங்கள்.

திக்கு என்றதும் இன்னொன்று. மொழியறிஞர் எரிக் பெடர்சன் 1990-களில் தமிழ்நாட்டில் செய்த ஆய்வில், மேசை மேல் இருக்கும் சின்னப் பொருளைக்கூட ஊர்ப்புறத்தார் கிழக்கு, மேற்கு என்று சொல்வதையும், நகரத்தார் இடது, வலது என்று சொல்வதையும் பதிவு செய்தார். பேச்சில் மட்டுமல்ல, பொருள்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று அடுக்கும்போதும் அந்த வேறுபாடு தெரிந்தது. கொங்கில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 'தெக்கால தள்ளி வை', 'மேக்கால போற ரோடு' என்பது அன்றாடப் பேச்சு. மேற்கே மலை தெரிகிற நாடு வேறு. சோதனைக்கு வந்த விவசாயி ஒருவர் ஹெட்செட்டை வாங்கிக்கொள்ளும் முன்பே, "இந்த வாசப்படி கிழக்காலயா, வடக்காலயாங்க?" என்று கேட்டார். பதில் தெரிந்தபின் அவர் நடைக்கணக்கே போடத் தேவையில்லை. 'மேக்கால நாலு எட்டு, அப்புறம் தெக்கால மூணு எட்டு' என்று திக்கை வைத்தே திரும்பி வந்துவிடுவார். இது குறையில்லை, அருமையான திறமை. ஆனால் நாம் அளக்க நினைத்தது அதை அல்ல.

இதற்கு இரண்டு விதமாக ஏற்பாடு செய்யலாம். ஜன்னலை மூடிய அறைக்குள் ஹெட்செட்டை மாட்டியபின் கையைப் பிடித்து இரண்டு மூன்று வளைவு நடத்தி, திக்குத் தெரியாமல் செய்துவிட்டுச் சோதனையைத் தொடங்குவது ஒன்று. மெய்நிகர் வெளியிலேயே வேண்டுமென்று சூரியனையும் மேற்கே ஒரு மலைத்தொடரையும் வைத்து, அது இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒப்பிடுவது இன்னொன்று. இரண்டாவதைச் செய்தால், வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு விடை நமக்குக் கிடைக்கும். நடைக்கணக்கு தளர்ந்த முதுமையில், வாழ்நாள் முழுக்கப் பழகிய திக்கறிவு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது? கேம்பிரிட்ஜின் சோதனையை அப்படியே திரும்பச் செய்வதைவிட, கோவையில் உட்கார்ந்து ஒரு துறை கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நம்புகிறேன்.

இயந்திரமே வேண்டாம் என்றால் ஆலன் குழு செய்ததையே செய்யலாம். ஒரு கண்கட்டு, தரையில் சாக்பீஸ் குறி, ஒரு டேப். செலவு இல்லை, குமட்டல் இல்லை. ஆனால் முழு இருட்டில் நடக்கப் பெரியவர்கள் பயப்படுவார்கள். பயத்தில் எட்டு சுருங்கினால் தூரக் கணக்கும் மாறும். தரையை மட்டும் அழி, மலையை மட்டும் காட்டு என்று கூட்டிக் குறைக்கவும் முடியாது. ஹெட்செட்டுக்கு நான் கை தூக்குவது இந்த ஒரு வசதிக்காகத்தான்.

கடைசியாக நிஜ இடம். சாலையில் எழுபது வயதுக்காரரை வண்டி வாகனங்களுக்கு நடுவே விட முடியாது, விடவும் கூடாது. ஆனால் பங்கேற்பவர் யாரும் முன்பு வந்திராத ஒரு கல்லூரி வளாகம் இருந்தால் போதும். லோரா குஷ்மன், சார்லஸ் டஃபி முதலானோர் 2008-ல் ஒரு மருத்துவமனையின் முன்கூடத்தில் நிஜமாகவும், அதன் மெய்நிகர் வடிவத்திலும் ஒரே மாதிரிச் சோதனை வைத்தார்கள். இரண்டு மதிப்பெண்களும் நெருக்கமாக ஒத்துப்போயின. அதனால் எல்லாரையும் வெளியே நடத்த வேண்டியதில்லை. ஒரு பகுதிப் பேரை மட்டும் வளாகத்தில் ஒரு சுற்றுக் கூட்டிப்போய், நின்ற இடத்திலிருந்து 'நாம் புறப்பட்ட வாசல் எந்தப் பக்கம்?' என்று கையை நீட்டச் சொன்னால், அறைக்குள் கிடைத்த எண்ணுக்கு நிஜ வாழ்வில் பொருள் உண்டா என்று தெரிந்துவிடும். வெயில் ஏறும் முன், காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஆக என் தேர்வு: நடந்து செய்யும் முக்கோணச் சோதனைக்கு ஹெட்செட், ஒரு பகுதிப் பேருக்கு வளாக நடை. ஜாய்ஸ்டிக் வேலை எதுவும் வேண்டாம். 20 வயதையும் 70 வயதையும் மட்டும் எதிரெதிரே நிறுத்தாமல் 40, 50, 60 வயதினரையும் சேருங்கள். அப்படியும் அது வெவ்வேறு காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இடையிலான ஒப்பீடுதான். முதுமை ஒருவரை எப்படி மாற்றுகிறது என்று உறுதியாகச் சொல்ல, அதே ஆட்களைச் சில வருஷம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும். அதற்குள் இன்றைய ஹெட்செட் சந்தையில் இருக்காது. கூம்புகளின் தூரம், கோணம், வரிசை எல்லாவற்றையும் எண்களாக எழுதிவைத்தால், எந்தக் கருவியிலும் அதே முக்கோணத்தை மறுபடி போடலாம்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எதுவும் தொடங்க முடியாது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதினால் மட்டும் போதாது, உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். கூட வரும் மகனோ மருமகளோ, 'அம்மாவுக்கு மறதி நோயா?' என்று கேட்காமல் போக மாட்டார்கள். ஒரு முக்கோணத்தில் தள்ளி நின்றதை வைத்து யாருக்கும் நோய் என்று சொல்ல முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிஜமாகவே கவலைப்பட வேண்டிய ஒருவரைக் கண்டால் எந்த நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவது என்பதையும், அவர் பார்க்கச் சம்மதிப்பாரா என்பதையும் முதல் ஆள் வருவதற்கு முன் பேசி முடித்துவிட வேண்டும்.

ஹெட்செட்டுக்கு ஆர்டர் போடும் முன் ஒரு வேலை இருக்கிறது. அதே கூம்பு, அதே அறை, வெறும் கண்கட்டு. சில பெரியவர்களை மட்டும் வைத்துச் செய்து பாருங்கள். எத்தனை பேர் இரண்டாவது கூம்பிலேயே 'போதுங் கண்ணு' என்று நின்றுவிடுகிறார்கள், எத்தனை பேருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அறையில் எந்தச் சத்தம் வழிகாட்டுகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். முழு ஆய்வுக்கு எத்தனை பேரைக் கூப்பிட வேண்டும் என்ற கணக்கையும் அதை வைத்தே போடலாம்.